நிலவுக்குப் பின்னால் செவ்வாய்

ஸ்வெட்டரின் வலது கையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் முழங்கை மடங்கியபடியே விறைத்துப்போயிருந்தது. இழுத்துப் பார்த்தார்கள், கம்பளி நகரவில்லை. மகள் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"தையல் வழியா வெட்டு," என்றாள் அம்மா. "அக்குள்லேர்ந்து மணிக்கட்டுக்கு வா. துணியைத் தூக்கிப் பிடிச்சுக்கோ, தோல்ல பட்டுடப் போகுது."

ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்த குரல் அது. கட்டிய கணவன் கட்டிலில் கிடக்கும்போதுகூட அந்தக் குரல் நடுங்காததுதான் மகளுக்கு உறுத்தியது. அம்மா அழவில்லை. காலையிலேயே முகம் கழுவித் தலை வாரி, வெந்நீரும் பழைய துண்டுகளும் எடுத்து வைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். உயிர் போனதும் கைகாலை நீட்டி நேராக வைக்க வேண்டும், விட்டால் இப்படித்தான் ஆகும் என்று இவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அந்தக் கை ஏன் மடங்கிக் கிடக்கிறது?

மகளுக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. பத்தொன்பது வருட சர்வீஸ். ஒருவன் பைக்குள் கையை விட்டுத் தேடுகிற வேகத்தைப் பார்த்தே அவனிடம் டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். வீட்டில் இந்த வித்தையைக் காட்டாதே என்று அவள் கணவர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். காட்டக் கூடாது என்றுதான் அவளும் நினைக்கிறாள். ஆனால் கண் தன் வேலையைத் தானாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்வெட்டரை உருவியபோது பையிலிருந்து அப்பாவின் செல்போன் கட்டிலில் விழுந்தது.

"அதை இங்க கொடு," என்றாள் அம்மா.

அவ்வளவு அவசரமாக அம்மா எதையும் கேட்டு மகள் பார்த்ததில்லை.

"சார்ஜ் இல்லம்மா. போட்டு வைக்கிறேன்," என்று சொல்லிப் போனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள்.

அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'லிப்ட்காரர்'தான். நாற்பது வருடம் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்றதும் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். ஒரு டெலஸ்கோப் வாங்கினார். குளிர்காலம் வந்தால் அவரைக் கீழே பார்ப்பதே அபூர்வம். வானம் துடைத்து வைத்ததுபோல் இருப்பது அந்த மூன்று மாதம்தான் என்பார். மகள் எப்போது வந்தாலும் அம்மா ஒரே பாட்டுத்தான் பாடுவாள்: "குளிர்ல உட்கார்ந்து சாகப் போறாரு, பார்த்துக்கிட்டே இரு. கீழ ஒருத்தி இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது, கோடி மைலுக்கு அப்பால இருக்கிறதெல்லாம் தெரியும்." அம்மா மாடிப்படி ஏறி மகள் பார்த்ததே கிடையாது. மூட்டுவலி என்பாள்.

நேற்று இரவு ஒன்பது முப்பத்துநாலுக்கு அம்மா போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு. நீ வா." அவ்வளவுதான். மகளும் கணவரும் இருபது நிமிடத்தில் வந்துவிட்டார்கள். மாடியில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. மப்ளரைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தது. குளிருக்கு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

"டிவி பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றாள் அம்மா. "ஒன்பதரைக்குச் சாப்பிடக் கூப்பிடலாம்னு மேல வந்தேன். இப்படி இருந்தாரு."

அடுத்த தெரு டாக்டர் வந்து தாடையைத் தொட்டுப் பார்த்தார், விரல்களை மடக்கிப் பார்த்தார். "எட்டு, எட்டரைக்குள்ள போயிருக்கும்," என்றார். "இதயம் சட்டுனு நின்னிருக்கு."

"உடனே பார்த்திருந்தா டாக்டர்?"

"அதை எப்படிம்மா சொல்ல முடியும்?" என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதில் இரவு முழுக்க மகளின் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

உடுத்தி முடித்து, முன்னறையில் கிடத்தி, ஆட்கள் வரத் தொடங்கியதும் மகள் சமையலறைக்குப் போனாள். அங்கே அத்தை, அப்பாவின் அக்கா, வந்தவர்களுக்குத் தேநீர் கலந்துகொண்டிருந்தாள். எண்பதை நெருங்கினாலும் அத்தையின் நாக்குக்கு வயதாகவில்லை.

"உங்கம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, கவனிச்சியா?"

"அவங்க சுபாவம் அப்படி அத்தை."

"சுபாவமாம். என் தம்பியை மேல குளிர்ல விட்டுட்டு இவ கீழ கம்பளியைப் போத்திக்கிட்டு டிவி பார்த்தாளாம். என்ன நிகழ்ச்சின்னு கேட்டேன். 'ஞாபகமில்ல'ங்கறா." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "நேத்து இந்தத் தெருவுல ஆறரையிலேர்ந்து பத்து வரைக்கும் கேபிள் இல்லடி. எதிர்வீட்டுக்காரி சொன்னா."

அத்தையின் பேச்சை வழக்கமாக அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. இப்போது போட்டுக்கொண்டாள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு சின்னப் பாத்திரம் அடிப்பிடித்து ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கப்புகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அம்மா பாலை அடிப்பிடிக்க விடுபவள் அல்ல. இரவு யாருக்கு இரண்டு கப்பு?

கப்புகளை விட்டுவிட்டு, துணி எடுத்து வருவதாகச் சொல்லி மாடிக்குப் போனாள். பகல் வெளிச்சத்தில் மொட்டை மாடி சின்னதாக இருந்தது. டெலஸ்கோப்பை உறை போட்டு மூடி, கயிற்றால் கட்டியிருந்தது. அதன் மூன்று கால்களும் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. கிழக்கே பார்த்து இரண்டு நாற்காலிகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் அப்பாவின் தலையணை. இன்னொன்றில் இன்னொரு தலையணை, உறையில் பூத்தையல் போட்டது. அதன்மேல் ஒரு டார்ச். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி ஒரு தலைமுடி ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது, பாதி கழன்று தொங்கியது. ரப்பர் பேண்டில் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது.

மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் போனை எடுத்தாள். சார்ஜ் நிறையவே இருந்தது. நேற்றைய தேதியில் இரண்டே அழைப்புகள். இரண்டும் 'மணிக்காரர்' என்ற ஒருவரிடமிருந்து. முதலாவது மாலை ஏழு முப்பது. இரண்டாவது ஒன்பது ஐந்து. இரண்டையும் எடுத்துப் பேசியிருந்தது. இரண்டாவது அழைப்பு நாற்பத்தோரு விநாடி.

ஒன்பது ஐந்துக்கு அப்பா செத்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

டிக்கெட் இல்லாதவனைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்க்கும், அது அவளுக்குப் பழக்கம். இப்போது அது எட்டிப் பார்க்கவில்லை. யாராவது வந்து இதற்கெல்லாம் வேறு காரணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தேவலாம் போலிருந்தது. அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். "ஐயா! என்னய்யா இது, ராத்திரி பூரா போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் நாலும் கிடைச்சுதா?"

"நான் அவர் பொண்ணு பேசறேங்க."

"ஓ, டிக்கெட் பொண்ணா! உங்களைப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டுத் தப்பவே முடியாதாமே?" பெரிதாகச் சிரித்தார். "அப்பாகிட்ட கொடுங்க."

"அப்பா குளிக்கிறாரு," என்றாள் மகள். உண்மையைச் சொன்னால் அவர் வாயடைத்துப் போய்விடுவார், தெரிய வேண்டியது தெரியாமல் போய்விடும் என்று அந்த நொடியில் தோன்றியது. "என்ன நேரம்னு என்கிட்ட சொல்லுங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

மனிதர் ஆர்வமாக விளக்கினார். நேற்று மாலை முழுநிலா செவ்வாய்க் கிரகத்தை மறைத்தது. நிலா மெல்ல நகர்ந்து வந்து முன்னால் நிற்கும், செவ்வாய் பின்னால் போய்விடும், ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கமாக வெளியே வரும். எட்டு ஊர்களில் எட்டுப் பேர் அதன் நேரத்தை விநாடி சுத்தமாகக் குறிக்கிறார்கள். நிலா விளிம்பு செவ்வாயைத் தொட்டது, முழுதாக மறைத்தது, செவ்வாய் மறுபடி எட்டிப் பார்த்தது, முழுதாக வெளியே வந்தது என்று நான்கு நேரம். எட்டுப் பேரின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டுமே, அதற்குத்தான் அவர். ஏழரைக்கு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எண்ணிச் சொல்வார், ஸ்டாப்வாட்சை ஓட விடுவார்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடி கூப்பிட்டு எண்ணிச் சொல்வார், நிறுத்துவார்கள்.

"நடுவுல வாட்சு நின்னாலோ, கை தவறி யாராவது பட்டனை அழுத்தினாலோ எல்லாம் போச்சு. ரெண்டு நேரம் மட்டும் கொடுத்தா அது எங்களுக்குப் பிரயோஜனமில்ல. அதான் அப்பா விழுந்து விழுந்து தயார் பண்ணாரு."

"ஒன்பது அஞ்சுக்குக் கூப்பிட்டீங்களே, அப்பா என்ன சொன்னாரு?"

"அப்பா எங்க எடுத்தாரு? அம்மாதான் எடுத்தாங்க. 'சொல்லுங்க, தயாரா இருக்கேன்'னாங்க. நான் அஞ்சுலேர்ந்து கீழ எண்ணினேன். 'நிறுத்தியாச்சு'ன்னாங்க, வச்சுட்டாங்க. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. கேட்டதுக்குப் பனின்னாங்க."

"அம்மாவா? அம்மா எதுக்கு மேல வந்தாங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்கறீங்க?" அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "மூணு குளிர்காலமா குறிப்பு எழுதறது அவங்கதானே. அப்பா கண்ணை எடுக்காம பார்ப்பாரு, நேரத்தை வாயால சொல்வாரு. அவங்க எழுதுவாங்க. எங்க எட்டுப் பேர்ல அம்மா நோட்டு மாதிரி சுத்தமான நோட்டு கிடையாது."

கீழே தெருவில் யாரோ நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது. "அப்பா நேத்து தவறிட்டாருங்க," என்றாள். "குளிக்கிறாருன்னு சொன்னது பொய். மன்னிச்சுக்குங்க."

"எப்போம்மா?" என்றார் அவர்.

"அதுதாங்க எனக்கும் தெரியல," என்று வைத்துவிட்டாள்.

வாட்சை நிறுத்தியாச்சு என்றாளாம். பக்கத்தில் பிணம். தயாரா இருக்கேன் என்றாளாம். மகள் படியிறங்கினாள். மூட்டுவலி என்று மூன்று வருடமாகத் தன் காதில் பூச்சுற்றியிருக்கிறாள் அம்மா. 'குளிர்ல சாகப் போறாரு' என்ற பாட்டும் வேஷம். மூன்று வருடம் அந்த இரண்டு நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிற தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இத்தனை நேர்த்தியாக ஒரு விஷயத்தை மறைக்கத் தெரிந்தவள் வேறு எதைத்தான் மறைக்க மாட்டாள்?

அம்மா உள்ளறையில் அலமாரியிலிருந்து எடுத்த அப்பாவின் சட்டைகளைக் கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே மடித்திருந்த சட்டைகள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"எத்தனை மணிக்கும்மா மேல போனே?"

"ஒன்பதரைக்கு. எத்தனை தடவை சொல்றது?"

"ஒன்பது அஞ்சுக்கு வாட்சை நிறுத்தினது யாரு?"

அம்மாவின் கை சட்டைக் காலரில் நின்றது. முன்னறையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் அடங்கும்வரை அம்மா காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்து," என்றாள்.

மகள் சாத்திவிட்டு வந்து எதிரே நின்றாள். உட்காரவில்லை. பெட்டியில் டிக்கெட் கேட்கும்போது நிற்பதைப்போலத்தான் நின்றிருக்கிறோம் என்று அவளுக்குப் பிறகு தோன்றியது.

"எட்டு பன்னெண்டு," என்றாள் அம்மா.

"என்னது?"

"நான் பார்த்தது எட்டு பன்னெண்டுக்கு. போனது எப்போன்னு தெரியாது. ஏழு அம்பத்தொண்ணுக்குச் செவ்வாய் உள்ள போச்சு. ரெண்டு நேரத்தையும் அவரே எழுதணும்னு நோட்டைப் பிடுங்கி எழுதினாரு, அவ்வளவு சந்தோஷம். 'இனி ஒரு மணி நேரம் அதுக்கு ஓய்வு, நமக்கும் ஓய்வு. ஒரு டீ கொண்டு வாயேன்'னாரு. ஏழு அம்பத்தஞ்சுக்கு நான் கீழ இறங்கினேன். அப்போ உயிரோட இருந்தாரு. பதினேழு நிமிஷம் நான் அங்க இல்ல. பார்க்காத நேரத்தை எழுதக் கூடாதுங்கறது அவர் சட்டம்."

"டீ போட பதினேழு நிமிஷமா?"

அம்மா நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் இரவிலிருந்து காத்திருந்தவள்போல இருந்தது அவள் முகம்.

"பால் பொங்கிடுச்சு. பாதி அடுப்பு மேல வழிஞ்சு, மீதி அடிப்பிடிச்சுப்போச்சு. திரும்ப வேற பால் வச்சேன். அது காயற வரைக்கும் அடுப்பைத் துடைச்சேன். பர்னரைக் கழட்டி, அடியெல்லாம் துடைச்சேன். எனக்குத்தான் அடுப்பு அழுக்கா இருந்தா பிடிக்காதே." அவள் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "அப்படியே போட்டுட்டு மேல போயிருந்தா பத்து நிமிஷம் முன்னாடி போயிருப்பேன். நீ என்னை என்ன கேட்கணுமோ அதைக் கேளு. மத்ததெல்லாம் அப்புறம்."

ஒரு மணி நேரத்துக்குக் கணக்குக் கேட்க வந்தவளிடம் அம்மா அதற்கு முந்தைய பத்து நிமிடத்தை எடுத்து நீட்டினாள்.

"மேல வந்து டீயை வச்சேன். 'இந்தாங்க'ன்னேன். தெரிஞ்சுபோச்சு. வெளிச்சம் கூசாம இருக்க டார்ச்சுல கட்டியிருந்த சிவப்புத் தாளைப் பிச்சுட்டு கண்ணுல அடிச்சுப் பார்த்தேன். கழுத்துல கை வச்சுப் பார்த்தேன். நெஞ்சுல காது வச்சுப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷத்துல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒண்ணும் பண்றதுக்கில்ல."

"அப்பவே என்னைக் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"கூப்பிட்டா நீ வந்திருப்பே. அவர் வந்திருப்பாரா?"

மகள் கலைந்து கிடந்த சட்டை ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கையில வாட்சு ஓடிக்கிட்டிருந்துச்சு," என்றாள் அம்மா. "நெஞ்சுக்கு நேரா மடக்கிப் பிடிச்சிருந்தாரு, விரல் பட்டன் மேலயே இருந்துச்சு. வாட்சை எடுக்கணும்னா விரலைப் பிரிக்கணும். பிரிக்கிறப்போ அழுந்திடுச்சுன்னா? அதான் கையை நீட்டல. நீ காலையில கத்தரியை வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தியே ஒரு பார்வை, எனக்குப் புரியாமலா இருக்கு? வேலையில இருந்த காலத்துலேர்ந்து மூணு தடவை இந்த மறைப்பைத் தவறவிட்டாரு. ஒரு தடவை மேகம். ஒரு தடவை எவனோ லிப்ட்ல மாட்டிக்கிட்டான்னு ஓடினாரு. ஒரு தடவை உன் கல்யாண வரவேற்பு. மண்டபத்து மாடிப்படி வரைக்கும் போயிட்டு, 'சரி, வேண்டாம்'னு திரும்பி வந்தாரு. உனக்குத் தெரியாது அது."

தெரியாது. அன்று அப்பாவைக் காணோம் என்று அவள் தேடியதும், எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டதும் மட்டும் தெரியும்.

"உன்னைக் கூப்பிட்டா நீ விளக்கைப் போடுவே. ஆள் மேல ஆள் ஏறி வரும். டாக்டர் வந்து கையைப் பிடிச்சு இழுப்பாரு. செவ்வாய் இன்னும் நிலாவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. அவரும் இப்பத்தான் போயிருந்தாரு. வரட்டுமேன்னு உட்கார்ந்துட்டேன்."

"தனியாவா?"

"தனியா எங்க? அவர் பக்கத்துலதானே."

தலையணை உறைக்குள் கையை விட்டு அம்மா ஒரு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து மகளிடம் கொடுத்தாள். நான்கு கட்டங்கள் ஸ்கேலால் போட்டிருந்தன. முதல் இரண்டிலும் அப்பாவின் கோணல்மாணலான எழுத்து, இருட்டில் எழுதியதால் கட்டத்தைத் தாண்டியிருந்தது: தொட்டது 7.51.14. மறைந்தது 7.51.52. நான்காவது கட்டத்தில் அம்மாவின் எழுத்து: முழுதும் வெளியே 8.57.40. மூன்றாவது கட்டத்தில் நேரம் இல்லை. 'பார்க்கவில்லை' என்று ஒரு வார்த்தை மட்டும் இருந்தது.

"மூணாவது?"

"தவறிடுச்சு. அதுக்காகத்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்துல வரும்னு படம் போட்டுக் காட்டியிருந்தாரு. கண்ணை எடுக்காம அந்த இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். துடைச்சுட்டுப் பார்க்கறதுக்குள்ள சிவப்பா பாதி வெளிய வந்து நின்னுச்சு." அம்மா சட்டையை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். "நாலாவதுலேர்ந்து நாப்பது விநாடியைக் கழிச்சு நானே போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. போடல."

கட்டங்களுக்குக் கீழே வானம் எப்படி இருந்தது என்று எழுத ஒரு வரி உண்டு. மேகம், காற்று, பனி என்று குறிப்பதற்கான வரி. நேற்றைய தேதிக்கு அதில் இப்படி எழுதியிருந்தது: வானம் தெளிவு. காற்று இல்லை. பார்த்தவர் கண் தெளிவில்லை.

மகள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் ஏம்மா டிவி பார்த்தேன்னு சொன்னே?"

"புருஷன் செத்துக் கிடக்கறப்போ டெலஸ்கோப்புல பார்த்துக்கிட்டிருந்தேன்னு உங்க அத்தைகிட்ட சொல்லச் சொல்றியா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அம்மா அவள் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பின் வாசனை இருந்தது.

"ஒன்பது அஞ்சுக்கு அவர் விரல் மேல என் விரலை வச்சுத்தான் அழுத்தினேன்," என்றாள் அம்மா. "அப்புறம் வாட்சை எடுத்தப்போ கை இறுகிப்போயிருந்துச்சு. டெலஸ்கோப்பை மூடிக் கட்டிட்டு, அவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுக்கு மேலதான் உனக்குப் போன் பண்ணேன். நம்பினா நம்பு."

மகள் நம்பினாள். ஆனாலும் பதினேழு நிமிடத்தின் ஒரு மூலையில் டாக்டரின் பதில் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தது. அது இனி எழுந்து போகாது. அது தன்னைவிட அம்மாவிடம் அதிக நாள் இருக்கும் என்பதும் அவளுக்குப் புரிந்தது.

"ராத்திரி தூங்கினியாம்மா?"

"எங்க தூங்க? கண்ணை மூடினா அடுப்புதான் தெரியுது."

"கொஞ்சம் படு. அப்பாவை எடுத்துட்டுப் போற வண்டி வர நாலு மணி ஆகும். நான் இருக்கேன்."

வேண்டாம், வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள் அம்மா. சும்மா சாய்கிறேன் என்றாள். சாய்ந்தவள் இரண்டு நிமிடத்தில் வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போனாள். மடித்த சட்டை ஒன்று அவள் கைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மகள் அதை எடுக்கப் போய், எடுக்காமல் விட்டாள்.

வண்டி மூன்றரைக்கே வந்துவிட்டது. தெருவில் அதன் இன்ஜின் உறுமிக்கொண்டு நிற்பது கேட்டது. முன்னறையில் பேச்சுச் சத்தம் கூடியது. கணவர் கதவுக்கு வெளியே வந்து, "ஏய், எல்லாரும் தயார்," என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார். பிறகு அத்தை வந்தாள். அவள் கிசுகிசுப்பவள் அல்ல, கதவை உள்ளங்கையால் தட்டினாள்.

மகள் எழுந்து போய்க் கதவைத் தன் உடம்பின் அகலத்துக்கு மட்டும் திறந்தாள்.

"உங்கம்மா எங்கடி? வண்டி வந்து எவ்வளவு நேரமாச்சு."

"குளிக்கிறாங்க அத்தை."

அத்தை கழுத்தைத் திருப்பிக் கூடத்தின் மறுகோடியைப் பார்த்தாள். குளியலறை அங்கேதான் இருந்தது. அதன் கதவு விரியத் திறந்து கிடந்தது. அத்தை மறுபடி திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரம் ஆகும். வண்டிக்காரரை உட்காரச் சொல்லுங்க. டீ கொடுங்க."

மகளின் கண் சிவந்திருப்பதைப் பார்த்தாளோ என்னவோ, அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். மகள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் போட்டாள். சற்று நேரத்தில் தெருவில் வண்டியின் இன்ஜின் நின்றது.